வல்வில் வேட்டமும் மான் தசையும்: ஒரு நயினாரின் குறிப்புகள்

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்கும்போதெல்லாம் சமணர் தமிழுக்குச் செய்த தொண்டு பற்றி ஏதாவது எழுதிக் கொடுத்து வந்திருக்கிறேன். நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 1976-இல் பம்பாய்க்கு ரயில் ஏறி, மாட்டுங்காவில் பாத்திரக் கடை வைத்துப் பிழைத்தவன். கடையில் கூட்டம் இல்லாத பிற்பகல்களில் கல்லாவில் உட்கார்ந்து படித்ததுதான் என் படிப்பு. அதனால் பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஆண்டு வேட்டையைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் செயலாளர் சிரித்துவிட்டார். "என்ன நயினார், வாசல்ல எறும்புக்கு அரிசி மாவு போடுறவரு நீங்க. உங்களுக்கு எதுக்கு இந்த வில்லு அம்பு எல்லாம்?" என்றார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி இருக்கும். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பி போன் செய்தார். தாராவியில் பிறந்து வளர்ந்தவர். நான் நடத்திய ஞாயிறு தமிழ் வகுப்பில் படித்தவர். நமக்கு ஞாயிறு காலை என்றால் அங்கே சனி இரவு. குரலில் ஒரு நடுக்கம். "ஐயா, இன்னிக்குச் சாயந்திரம் வில்லால என் முதல் மானை அடிச்சேன். அம்மாகிட்டகூட இன்னும் சொல்லலை. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன். திட்டணும்னா திட்டுங்க" என்றார்.

நான் திட்டவில்லை. என்ன சொல்வதென்றே தெரியவில்லை. "சொல்லுப்பா, கேக்கறேன்" என்றேன். அவர் சொன்னார்.

கூட வேலை பார்க்கும் ஒரு வெள்ளைக்காரர் இரண்டு வருடமாக அவருக்கு வில் பழக்கிக் கொடுத்திருக்கிறார். உரிமச் சீட்டு வாங்கி, பருவம் பார்த்து, அந்த நண்பரின் நிலத்தில் ஒரு மரத்தில் கட்டிய பரணில் பிற்பகல் மூன்று மணிக்கே ஏறி உட்கார்ந்துவிட்டார். (பரண் என்ற சொல்லை அவரே சொன்னார். தினைப்புனத்துப் பரண் வகுப்பில் நடத்தியது நினைவிருந்தது போலும்.) காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதுதான் முக்கியமாம், மனித வாடை மானின் பக்கம் போனால் அவ்வளவுதான், நாள் வீண். பொழுது சாயும் நேரத்தில் மான்கள் மறைவை விட்டு மேய வரும். சூரியன் மறைந்தபின் சில நிமிடம் வரைதான் எய்யச் சட்டம் இடம் கொடுக்கும். கொம்பு வைத்த ஆண் மான் ஒன்று இருபது கஜ தூரத்தில் பக்கவாட்டில் நின்றது. எய்தார். அம்பு ஊடுருவிப் போய் மண்ணில் குத்தியது. மான் துள்ளி ஓடி மறைந்துவிட்டது.

"அதுக்கப்புறம்தான் ஐயா கஷ்டம். உடனே இறங்கித் தேடக்கூடாது. அரைமணி நேரம் அசையாம உட்காரணும். துரத்தினா அது காயத்தோட இன்னும் தூரம் ஓடிச் சித்திரவதைப்படும். அந்த அரைமணி நேரம் என் கை நடுங்கிக்கிட்டே இருந்துச்சு." பிறகு இருவரும் விளக்கோடு இறங்கி, இலையில் சிந்திய ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து நடந்து, நூறு தப்படிக்குள் கண்டுபிடித்தார்களாம். கண்ணைத் தொட்டுப் பார்த்து உயிர் போய்விட்டதை உறுதி செய்துகொண்டபின், அந்த வெள்ளைக்காரர் கைகுலுக்கி ஒரு சொல் சொன்னாராம். "அறுவடை பண்ணிட்டே" என்று. அங்கே மானைக் கொல்வதற்கு அறுவடை என்றுதான் சொல்வார்களாம். சட்டப் புத்தகத்திலேயே அப்படித்தான் இருக்கிறதாம்.

"அந்தச் சொல்லுதான் ஐயா தொண்டையில சிக்கிக்கிச்சு. அறுவடைன்னா நெல்லு, கேழ்வரகு. ரத்தம் வழிஞ்சு கிடக்கிறதுக்கு அறுவடையா? நம்ம பாட்டுல இதுக்கு என்ன சொல்லு?"

அந்தக் கேள்வியோடு இரண்டு வாரம் கிடந்தேன்.

முதலில் என் நினைவுக்கு வந்தது கபிலரின் குறிஞ்சிப்பாட்டு. 261 அடிகள் கொண்ட அந்தப் பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர் வருகிறது என்பதை மட்டும் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். கதை என்ன? புனங்காக்கும் பெண்கள் அருவியாடிப் பூப்பறித்து இருக்கும் இடத்துக்கு வில்லும் அம்புமாக, வேட்டை நாய்கள் சூழ ஒருவன் வருகிறான். தன்னிடமிருந்து தப்பிய விலங்கு இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்கிறான். அகப்பாடல்களில் இப்படிக் கேட்டுக்கொண்டு வரும் தலைவர்கள் பலர். வள்ளியைத் தேடி வேடனாக வந்த முருகனும் மானைத்தான் விசாரித்தார் என்று நம் செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலுக்குப் போகிற குழந்தைகளுக்கும் தெரியும். இதெல்லாம் பெண்ணோடு பேச்சுக் கொடுப்பதற்கு ஒரு சாக்கு என்றுதான் நானும் இத்தனை நாள் நினைத்திருந்தேன். சாக்குதான், ஆனால் நம்பும்படியான சாக்கு. அம்பு பட்ட விலங்கு பட்ட இடத்தில் விழாது. ஓடும். எய்தவன் பின்னால் போய்த் தேடத்தான் வேண்டும், எதிர்ப்பட்டவர்களைக் கேட்கத்தான் வேண்டும். வேட்டையின் நடைமுறை தெரிந்தவர்கள் கட்டிய துறை அது. தாராவிப் பையன் அமெரிக்கக் காட்டிலிருந்து சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கிற்று.

ஆனால் தம்பி கேட்டதற்கு நேரான பதில் புறநானூற்றில் இருக்கிறது. வன்பரணர் என்ற புலவர் பாடிய இரண்டு பாட்டுகள், 150-உம் 152-உம். இரண்டிலும் வேட்டுவன் வருகிறான், இரண்டிலும் மான் சாகிறது, இரண்டிலும் புலவர் உட்கார்ந்து அந்த இறைச்சியை உண்கிறார்.

150-ஆம் பாட்டில் புலவர் நிலைமை பரிதாபம். குளிர்கால மழையில் நனைந்த பருந்தின் சிறகு போலக் கிழிந்த துணி. வழிநடந்த களைப்பில் ஒரு பலாமரத்தடியில் ஒதுங்குகிறார். அப்போது ஒரு வேட்டுவன் வருகிறான். அவனைப் புலவர் பார்க்கும் பார்வையைக் கவனிக்க வேண்டும். மான் கூட்டத்தைக் கொன்ற ரத்தம் காலில், கழலோடு. தலையிலே ஒளிவிடும் மணி. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். மணியைச் சொல்லிவிட்டு ரத்தத்தை விடவில்லை. ரத்தத்தைச் சொல்லி அவனைத் தாழ்த்தவும் இல்லை. பெரிய மனிதன் போலிருக்கிறானே என்று புலவர் எழப் போகிறார். அவன் கையமர்த்தி உட்கார வைக்கிறான். காட்டில் வழிதவறிய தன் இளைஞர்கள் வந்து சேருமுன்னே, தானே தீக்கடைந்து நெருப்பு மூட்டிக் கொழுப்புள்ள இறைச்சியைச் சுட்டு, "நீங்களும் உங்கள் சுற்றமும் தின்னுங்கள்" என்று கொடுக்கிறான். அமிழ்தம் போல உண்டோம், மலையருவியின் குளிர்ந்த நீரைக் குடித்தோம் என்கிறார் புலவர். விடைபெறும்போது, "நாங்கள் காட்டில் வாழ்கிறவர்கள், பெரிதாகக் கொடுக்க ஒன்றும் இல்லை" என்று சொல்லிக்கொண்டே மார்பில் கிடந்த ஆரத்தையும் முன்கைக் கடகத்தையும் கழற்றித் தருகிறான். எந்த நாடு என்று கேட்டால் சொல்லவில்லை. பேர் கேட்டால் சொல்லவில்லை. வழியில் பிறர் சொல்லித்தான் அவன் தோட்டி மலைக்குத் தலைவனான நள்ளி என்று தெரிகிறது.

152-ஆவது பாட்டு கொல்லிமலை ஓரியைப் பற்றியது. ஒரே அம்பு யானையை வீழ்த்தி, வாய் பிளந்த புலியைக் கொன்று, புள்ளிமான் கலையை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றில் கிடந்த உடும்பில் போய்ச் செருகி நிற்கிறது. இதைப் படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. இக்காலத்துக் கப்பி வைத்த வில்லில் எய்த அம்பு ஒரு மானை ஊடுருவி மண்ணில் குத்தும் என்று தம்பி சொல்கிறார். யானை வரைக்கும் போகாது. புலவருக்கு அந்தச் சலுகையை நாம் கொடுத்துவிடலாம். பாத்திரக் கடைக்காரன் நானே "இந்தக் குக்கர் முப்பது வருஷம் உழைக்கும்" என்று சொல்லி விற்கிறவன்தான்.

இந்தப் பாட்டில் எனக்குப் பிடித்த இடம் வேறு. எய்தவன் யாரென்று தெரியாமலே, விறலியைப் பாடச் சொல்லி, முழவும் யாழும் முழக்கி, துறைகளெல்லாம் முறையாகப் பாடி முடித்துக் கோவே என்று அழைக்கிறார்கள். உடனே அவன் நாணுகிறான். இத்தனை பெரிய வில்லாளி, பட்டப் பெயரைக் கேட்டதும் வெட்கப்படுகிறான்! உன்னைப் போல் வேட்டுவர் எங்கும் இல்லை என்று மேலே புகழ வந்தால் பேச விடவில்லை. அந்த வேட்டையில் கொன்ற மானின் இறைச்சியைப் புழுக்கிக் கொடுக்கிறான். உருக்கின நெய் போன்ற கள்ளைக் கொடுக்கிறான். தன் மலைப் பொன்னையும் மணியையும் சேர்த்துக் கொடுக்கிறான். அந்த மான் அவன் உயிரைப் போக்கிய மான் என்று புலவர் அந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறார். தம்பி கேட்ட சொல் அதுதான். உயிரைப் போக்கியது. அறுவடை அல்ல, பிடித்தது அல்ல, கிடைத்தது அல்ல. இப்போது கொல்லிமலைச் செம்மேட்டில் குதிரைமேல் ஓரியின் சிலை நிற்கிறது. ஆடி மாதம் விழா எடுக்கிறார்கள். கடைசியில் அந்த ஓரி மலையமான் திருமுடிக்காரியால் கொல்லப்பட்டான், கொல்லி சேரர் கைக்குப் போயிற்று என்பது அகநானூறு தரும் செய்தி. வேட்டையில் தப்பாதவன் போரில் தப்பவில்லை.

இங்கே நான் ஒரு பழைய கணக்கைத் தீர்க்க வேண்டும்.

1998-ஆம் ஆண்டு என்று நினைவு. தாராவியில் தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டி ஒரு வீட்டு மாடியில் வகுப்பு. தாராவிக்கு முதலில் வந்த தமிழர்களில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்கள் பலர் என்பது இந்த மலரைப் படிப்பவர்களுக்குத் தெரியும். 1971-இல் தேவனாரில் இறைச்சிக் கூடம் வந்த பிறகு பதனிடும் வேலை மெல்ல ஊரை விட்டு வெளியேறியது. பையும் பெல்ட்டும் தைக்கிற வேலை நின்றது. இந்தத் தம்பியின் தகப்பனார் அப்படித் தோல் வெட்டுகிறவர். வகுப்பில் அன்றைக்குக் கடையெழு வள்ளல்கள் பாடம். நள்ளியைச் சொன்னேன். "களைத்து வந்த புலவருக்கு நள்ளி தன் கையாலேயே உணவு கொடுத்தான்" என்றேன். ரத்தத்தைச் சொல்லவில்லை. மானைச் சொல்லவில்லை. ஓரிக்கும் அப்படியே: உணவு கொடுத்தான், பொன் கொடுத்தான். இறைச்சி என்கிற சொல்லை என் நாக்கு தானாகவே தாண்டிவிட்டது. ஆண்டுக் கணக்காக அப்படித்தான் சொல்லிக் கொண்டிருந்தேன்.

பையனுக்குப் பதின்மூன்று வயது. ஔவை துரைசாமிப் பிள்ளை உரை எழுதிய கழகப் பதிப்பை என்னிடமே இரவல் வாங்கிப் போயிருந்தான். அடுத்த வாரம் புத்தகத்தைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் கேட்டான். "ஐயா, இதுல கறின்னு இருக்கு. நீங்க உணவுன்னு சொன்னீங்க." நான், "எல்லாம் ஒண்ணுதான்பா" என்று மழுப்பினேன். அவன் விடவில்லை. "எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமை ஆட்டுக்கறி. புலவரும் அதான் சாப்பிட்டாரு. அது உங்களுக்கு அசிங்கமா இருந்துச்சா ஐயா?"

பதில் சொல்லாமல் வேறு பாட்டுக்குப் போய்விட்டேன். அடுத்த இரண்டு வாரம் அவன் வரவில்லை. தாதரில் எனக்கு ஆள் பழக்கம், சயானில் பழக்கம், ஆனால் அவன் வீட்டுக்குப் போய்க் கூப்பிடக் கால் வரவில்லை. ஊரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் யார் யார் உட்காரலாம் என்று ஒரு கணக்கு இருந்ததே, அந்தக் கணக்கைத்தான் உணவு என்ற ஒற்றைச் சொல்லில் பொதித்து மாடி வரைக்கும் கொண்டு வந்திருக்கிறேன் என்று அன்றைக்கு உறைத்தது. கொல்லாமை என் நோன்பு. ஆனால் கறியின் பேரைச் சொல்லாமை எந்த நோன்பிலும் இல்லை. மூன்றாம் வாரம் போய் அழைத்து வந்தேன். இரண்டு பாட்டையும் ஒரு சொல் விடாமல் நடத்தினேன். சொல்லும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது என்பதையும் மறைக்கவில்லை.

பிறகுதான் யோசித்தேன். இந்த வேட்டுவப் பாட்டெல்லாம் நம் கைக்கு எப்படி வந்தது? உ.வே. சாமிநாதையர் குடந்தையில் இருந்தபோது, 1880-இல் சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணி படித்திருக்கிறீரா என்று கேட்ட கேள்விதான் தொடக்கம். சமணக் காப்பியம், சமயச் செய்தி விளங்கவில்லை. குடந்தையில் இருந்த சமணர்களிடம் போனார். சந்திரநாத செட்டியார் முதலியவர்கள் ஒளிவு மறைவு இல்லாமல் சொல்லிக் கொடுத்தார்கள். 1887-இல் சிந்தாமணி அச்சாயிற்று. அதற்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் எங்கிருந்தோ எடுத்த மேற்கோள்கள். அவற்றின் மூலத்தைத் தேடப் போய்த்தான் ஐயருக்குச் சங்க நூல்களின் ஏட்டுச் சுவடிகள் துலங்கின. 1894-இல் புறநானூறு வந்தது. பொழுது சாயுமுன் சாப்பிட்டு முடித்து, விளக்கில் பூச்சி விழுமே என்று அஞ்சுகிற வீடுகளின் வழியாகத்தான் ஓரியின் அம்பு அச்சுக்கு வந்து சேர்ந்தது. இது எனக்குப் பெருமை. கூடவே ஒரு குத்தலும். அந்தப் பெரியவர்கள் எதையும் மறைக்காமல் சொல்லிக் கொடுத்தார்கள், நான் மறைத்தேன்.

அந்தச் சிந்தாமணியிலேயே ஒரு வேடன் வருகிறான். சீவகன் காட்டு வழியில் போகும்போது எதிர்ப்படுகிறான். ஊனும் தேனும் கள்ளும் அவன் உணவு. திருத்தக்கதேவர் அவனைத் திட்டித் துரத்தவில்லை. சீவகன் நின்று பேசுகிறான். ஊனைத் தின்று இந்த உடம்பைப் பெருக்கி நரகம் போவது நல்லதா, தின்னாமல் உடம்பை வாட்டித் தேவனாவது நல்லதா என்று கேட்கிறான். வேடன் யோசித்து விட்டுவிடுகிறான். வன்பரணர் உண்டார், சீவகன் வாதாடினான். இருவரும் வேட்டுவன் எதிரே நின்று அவன் முகத்தைப் பார்த்துப் பேசியவர்கள். சிலப்பதிகாரத்திலும் அப்படித்தான். கோவலன் கண்ணகியோடு மதுரைக்குப் போகும் கவுந்தியடிகள் சமணத் துறவி. ஈ எறும்பைக் கூட மிதிக்காமல் நடப்பவர். அவர் வெயிலுக்கு ஒதுங்கிய இடம் எயினர்கள் வழிபடும் ஐயை கோட்டம். வில்லும் பலியுமாக வேட்டுவ வரி முழுக்க அங்கேதான் நடக்கிறது. நமக்குத்தான் பக்கத்து வீட்டுச் சமையல் வாடை வந்தால் ஜன்னலைச் சாத்தத் தோன்றுகிறது. (எங்கள் கட்டடக் கூட்டத்தில் இதைப் பற்றி இன்னும் விரிவாகப் பேசியிருக்கிறேன். இங்கே வேண்டாம்.)

முதல் மான் என்றாரே தம்பி, அதற்குத் தமிழில் தனிப் பெயரே உண்டு: கன்னி வேட்டை. அதைப் பெரியபுராணத்தில் பார்க்க வேண்டும். சோழ மன்னன் சிந்தாமணியில் மயங்கிக் கிடக்கிறானே என்று மனம் நொந்துதான் சேக்கிழார் திருத்தொண்டர் வரலாற்றைப் பாடப் புகுந்தார் என்று சேக்கிழார் புராணம் சொல்கிறது. ஆக, எங்கள் நூலுக்கு எதிராக எழுந்த நூல் அது. இருந்தாலும் சொல்கிறேன், கண்ணப்பர் புராணத்தைப் போல வேட்டையை விரித்துச் சொன்ன தமிழ்ப் பாட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை. பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர் தலைவன் நாகனுக்கு வயதாகிவிட்டது. மகன் திண்ணனுக்குப் பொறுப்பைக் கொடுத்து முதல் வேட்டைக்கு அனுப்புகிறான். தேவராட்டி வந்து வாழ்த்துகிறாள். வலை கட்டி, நாய் விட்டு, பறை முழக்கி விலங்குகளைக் கிளப்புகிறார்கள். அம்பு மழையாகப் போகிறது.

அந்த அமளியின் நடுவில் சேக்கிழார் ஒரு பாட்டை வைத்திருக்கிறார். முதல் முறை படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். இந்த வேடர்கள் எதை எய்ய மாட்டார்கள் என்று அதில் ஒரு பட்டியல். யானைக் கன்றைத் தொடர மாட்டார்கள். சிறு குட்டிகளைக் கொல்ல மாட்டார்கள். கருவைச் சுமந்து நடை தளர்ந்த பிணைமானை வருத்த மாட்டார்கள். கொலையே தொழிலான மறவர்களுக்கு உள்ளே இப்படி ஒரு வேலி. விஸ்கான்சினிலும் வேலி உண்டு: பருவம், நேரம், ஆளுக்கு இத்தனை என்ற எண்ணிக்கை, கறியை விற்கக் கூடாது என்ற விதி. ஒரு வேறுபாடு. அங்கே மான்கள் பெருகிப் போனதால், தொகையைக் குறைக்கப் பெண் மானை அடிக்கவும் அரசே சீட்டுக் கொடுக்கிறது. சேக்கிழாரின் வேடர்களுக்கு இது புரியாது. அங்கே 1934-லேயே வில்லுக்கென்று தனியாக மான் பருவம் வைத்தார்களாம். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஆல்டோ லியோபோல்ட், தாமே வில் வேட்டைக்காரர், ஓநாயைக் கொன்றொழித்த மலையை மான்கள் மேய்ந்தே மொட்டையாக்கும் என்று எழுதினார். 1949-இல் வெளிவந்த அவர் புத்தகத்தில் இருக்கிறது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பொழுதுபோக்கு வேட்டைக்குக் கதவு சாத்தியாயிற்று. போரிவலிக் காட்டில் புள்ளிமான் இருக்கிறது. அதைச் சிறுத்தை அடிக்கலாம், மனிதன் அடித்தால் சிறை. எனக்கு இந்தச் சட்டம் போதும்.

கண்ணப்பர் கதையில் மற்றதை நீங்கள் அறிவீர்கள். வலையை அறுத்துக்கொண்டு ஓடிய பன்றியை நாணனும் காடனும் உடன்வரத் துரத்திப் போய்ச் சுரிகையால் கொல்கிறார் திண்ணனார். அந்தப் பன்றி கொண்டுபோய்விட்ட இடம் காளத்தி மலை. கன்னி வேட்டைக்குப் போனவர் வேட்டுவராகத் திரும்பவே இல்லை.

எங்கள் சமயத்தில் திரும்பாமல் போன இன்னொருவர் நேமிநாதர். திருமணத்துக்குத் தேரில் போகிறார். வழியில் பட்டியில் அடைத்த மான்கள் கதறுகின்றன. விருந்துக்கு என்கிறார்கள். அங்கேயே தேரைத் திருப்பி மணக்கோலத்தைக் களைந்து துறவு பூண்டார். போளூர்ப் பக்கம் திருமலையில் பதினாறடி உயரத்துக்கு அவர் சிலை நிற்கிறது. சிறுவயதில் தாத்தா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அன்று தாத்தா சொன்னது மான் அழுத கதைதான். நான் இன்றுவரை சைவமாக இருப்பதற்குச் சாத்திரம் காரணமா, அந்த மானின் அழுகை காரணமா என்று கேட்டால், மான்தான்.

அறுவடை என்ற சொல்லையும் எங்கள் கண்ணால் பார்த்தால் அவ்வளவு சாதுவான சொல் அல்ல. நெல்லும் ஓரறிவு உயிர்தானே. அரிவாள் பட்டால் அதற்கும் சாவுதான். எங்கள் பெரியவர்கள் கொலையை நான்காகப் பிரிப்பார்கள். வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, எதிர்த்து வந்தவனைத் தடுப்பதில் நேர்வது, வேண்டுமென்றே எண்ணிச் செய்வது. முதல் மூன்றும் இல்லறத்தானுக்குத் தவிர்க்க முடியாதவை. கடைசி ஒன்று கூடவே கூடாது. மான் வேட்டை அந்தக் கடைசி வகை. அதை அறுவடை என்று சொல்லி முதல் வகைக்கு நகர்த்தப் பார்க்கிறார்கள். நான் இறைச்சியை உணவு என்று சொன்னதும் அதே வேலைதான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை, இங்கே ஐந்தரை, அங்கே விடிந்தும் விடியாத நேரம், தம்பியை நானே அழைத்தேன். பாட்டில் உள்ள சொல்லைச் சொன்னேன். உயிரைப் போக்கினாய் என்றுதான் வன்பரணர் உன்னைப் பற்றிப் பாடுவார், காலில் ரத்தத்தையும் பாடுவார், என்றேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் பேச்சில்லை. "சரிங்க ஐயா. அதுதான் சரியான சொல்லு" என்றார். எனக்கு இதில் வருத்தம்தான், வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், சீவகன் அந்த வேடனிடம் கேட்டதை நானும் உன்னிடம் கேட்கிறேன், என்றேன். "கேளுங்க. ஆனா நான் இன்னும் பதில் சொல்லலை" என்றார். கறியை என்ன செய்தாய் என்றேன். பாதி அந்த நண்பருக்கு, கொஞ்சம் பக்கத்து வீட்டுக் கிழவிக்கு, மிச்சம் குளிர்பெட்டியில் இருக்கிறதாம். அம்மாவிடம் சொல்லிவிட்டாராம். "ஆட்டுக்கு மானு தேவலாமா, மசாலா என்ன போட்ட?" என்று மட்டும் கேட்டார்களாம்.

பிறகு அவர் என்னை ஒன்று கேட்டார். "ஐயா, அந்தப் பலாமரத்தடியில வன்பரணருக்குப் பதிலா நீங்க உட்கார்ந்திருந்தா, நள்ளி குடுத்ததைச் சாப்பிட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்பா."

"அப்ப என்ன பண்ணியிருப்பீங்க?"

யோசித்தேன். எழுந்து போயிருக்க மாட்டேன். உட்கார்ந்திருப்பேன். வெளிச்சம் இருந்தால் அருவித் தண்ணீர் மட்டும் குடித்திருப்பேன். அவன் பேரைக் கேட்டிருப்பேன். அப்படியே சொன்னேன். "கடகத்தை மட்டும் வாங்கிக்குவீங்க, இல்ல? யாவாரி ஆச்சே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

உள்ளேயிருந்து வீட்டுக்காரி குரல் கொடுத்தாள். செம்பூர்க் கட்டடங்களுக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பொழுது போவதற்குள் சாப்பிட வேண்டும் என்று சொல்லி போனை வைத்தேன்.